ஒரு படி தவிடு

தவிட்டம்மாவைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தவள் நான்தான். என் வீட்டுக்காரர் பலராமன் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிவிட்டு மறுநாளிலிருந்து நாள் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாதாம். செவ்வாய் ஆகவே ஆகாதாம். அப்புறம் ஆடி வந்துவிட்டது. ஆடி போன பிறகு மில்லில் ஷிப்டு மாறிவிட்டது. "இது இன்னா பொண்ண புருசன் வூட்டுக்கு அனுப்பறதா, நாளு கெழம பாக்கறதுக்கு?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

இது எண்பத்தொன்றாம் வருஷம் நடந்தது. அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெரிய மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டுகளை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு இருப்பேன். கை இலையை நறுக்கும், மனசு முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் சுற்றும். வீட்டுக்கு வந்தால் மார்க்கெட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து மூடுவேன். இல்லத்தில் ஒரே ஒரு கட்டில்தான் காலியாக இருக்கிறது, ரொம்ப நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தக் கட்டிலில் இந்நேரம் வேறொரு பிள்ளை படுத்துவிட்டதோ என்று பயப்படுவேன். படுத்துவிட்டால் நல்லதுதானே என்று அடுத்த நிமிஷமே நினைப்பேன்.

தவிட்டம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் உட்கார்ந்ததில்லை, நின்றதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. கையும் காலும் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வலிப்பு வந்தால் கண் மேலே செருகிவிடும். கஞ்சியைக் கூடத் தொண்டையைத் தடவித் தடவித்தான் இறக்க வேண்டும். ஆனால் குரல் தெரியும். தெருமுனையில் நான் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு வந்தால்கூட உள்ளே அவள் தலை வாசல் பக்கம் திரும்பிவிடும். "அக்கா வந்துட்டேன்டி" என்று நான் நுழைந்ததும் வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பாள். இந்தச் சிரிப்புக்காக என்ன கஷ்டம் வேண்டுமானாலும் படலாம் என்று சிலர் வந்து சொல்வார்கள். அவர்கள் அவளை ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

தூக்குகிறவள் நான். அரிசி மூட்டையாக இருந்தால் சாய்த்த பக்கம் சாய்ந்து கிடக்கும். இவள் தூக்குகிற நேரம் பார்த்துத்தான் விறைப்பாள். என் இடுப்பு போய் வருஷமாகிறது. இதெல்லாம் போக, இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷி ஆகிவிடுவாள். நான் மார்க்கெட்டில், அவர் மில்லில். திறந்த வீட்டில் ஒரு வயசுப் பெண்ணை எப்படிப் போட்டுவிட்டுப் போவது? கதவைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்றால், பூட்டிய வீட்டுக்குள் வலிப்பு வந்தால்? இந்தக் கேள்விகளை எல்லாம் என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆனால் என்னை முடிவுக்குத் தள்ளியது ஒரு பகல் பொழுது. நான் மார்க்கெட்டிலிருந்து வந்து "அக்கா வந்துட்டேன்டி" என்றேன். தலை திரும்பவில்லை. பாயில் ஆளே இல்லை. நழுவி நழுவிப் போய், தகரப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முகம் சுவரில் அழுந்திக் கிடந்தாள். உதடு கிழிந்து சுண்ணாம்பில் ரத்தம். மூச்சு இழுக்க ஒரு பக்க மூக்குதான் மிச்சம் இருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பலராமன் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்துப் பார்த்துவிட்டுத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நைட் ஷிப்டு முடித்து வந்த மனுஷன் தூங்காமல் என்ன செய்வார்? நானும் எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் அப்படித் தூங்கியிருக்கிறேன்.

பெற்றவள் ஏன் தன்னை அக்கா என்று சொல்லிக்கொள்கிறாள் என்று கேட்பீர்கள். இவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. இவள் பிறந்ததும் மருத்துவச்சி சின்னப்பாப்பா, "உனக்குப் புள்ள ராசி இல்ல, வித்துடு" என்றாள். எங்கள் பக்கத்தில் செய்கிறதுதான். பிள்ளையை முறத்தில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவோம். பிள்ளை இருக்கிற வீட்டிலேயேதான் வளரும், பால் கொடுப்பதும் பெற்றவள்தான். ஆனால் பேச்சுக்கு அது வாங்கியவள் பிள்ளை. தேடி வருகிற எமன், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று திரும்பிப் போய்விடுவான். பெற்றவர்கள் மறந்துகூட என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. அதனால் நான் அக்கா, அவர் மாமா. வாங்கியவள்தான் அம்மா. கல்யாணம் பேசுகிற வயசில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். தவிட்டம்மாவுக்கு யார் கல்யாணம் பேசப் போகிறார்கள்? அதனால் மீட்கிற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

வாங்கியவள் பக்கத்து வீட்டு அகஸ்டினம்மா. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்து செத்துப் போனவர். ஒரே மகன் பிரான்சுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். "வேதக்கார வூட்டுக்கு வித்துடு, எமனுக்கு அங்க வழியே தெரியாது" என்று சின்னப்பாப்பாதான் அவளைக் காட்டினாள். அகஸ்டினம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் தவிடு கொடுத்தாள். ஆனால் வாங்கியதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் தவறாமல் வருவாள். "அம்மா வந்துட்டேன்டி கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிடுவாள், ஜெபமாலை சொல்லுவாள். கிறிஸ்மஸ் வந்தால் புதுக் கவுன். அவள் குரலுக்கும் தவிட்டம்மா சிரிப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஆவணி பிறந்து ஒரு புதன்கிழமை. ஷிப்டும் சரியாக இருந்தது, நாளும் சரியாக இருந்தது, அவருக்குச் சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அகஸ்டினம்மா வேலைக்குப் போயிருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தவிட்டம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு பலராமன் முன்னால் நடக்க, துணிப்பையோடு நான் பின்னால் போனேன். கடலூர் பஸ் ஏறி, அரியாங்குப்பம் பாலம் தாண்டி இறங்கினோம்.

கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லம். ஓடு போட்ட நீளமான கட்டடம், சுற்றிலும் தென்னை. உள்ளே இரும்புக் கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தவிட்டம்மாவைப் போல ஒரு பிள்ளை. நான் எங்கேயாவது அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். ஈ மொய்க்கிறதா, யாராவது அடிக்கிறார்களா, சோறு நாறுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஓர் ஆயா ஒரு பையனைப் பக்குவமாகப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுகூடக் கிடைக்காதது எனக்குக் கோபமாக இருந்தது.

பெரிய சிஸ்டர் வந்து தவிட்டம்மாவின் கன்னத்தைத் தொட்டார். என்னைப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பக்கத்து வூட்டு அகஸ்டினம்மா புள்ள. நான் வளக்கறேன்" என்றேன்.

என்ன சொன்னேன் என்பது சிஸ்டரின் முகம் மாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷமாகப் பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயிலில் யார் கேட்டாலும் சொல்கிற பதில் தானாக வந்துவிட்டது.

"அப்ப அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் சிஸ்டர். "பெத்தவங்க அவங்க வாயால சொல்லாம நாங்க எந்தப் பிள்ளையையும் வச்சிக்கறதில்ல. அப்புறம் ஒரு நாள் தாய் அழுதுகிட்டு வந்து நிப்பா. நாங்க என்ன பதில் சொல்றது? திங்கக்கிழமை வரைக்கும் கட்டில வச்சிருக்கேன்."

நான் பலராமனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அவர் சொல்லியிருக்கலாம். அவர் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நாமே சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன். போன பிள்ளைகள் இரண்டின் முகமும் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வாயில கொழுக்கட்டயா வச்சிருந்தீங்க?"

"நீ கூடத்தான் சொல்லல" என்றார்.

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாலத்தின் மேல் பஸ் போகும்போது தவிட்டம்மாவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கவும் அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். எனக்கு அந்த இரண்டு பேரையும் அங்கேயே இறக்கிவிட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் அகஸ்டினம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "நீங்க ஒரு வாட்டி வந்து, நான்தான் அம்மா, எனக்குச் சம்மதம்னு சொல்லிட்டுப் போயிடுங்க. அவ்ளோதான்" என்றேன்.

சீப்பு பாதித் தலையில் நின்றது. "மாசேர் கிட்ட என்னப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றாள். கன்னியாஸ்திரீகளை அவள் மாசேர் என்றுதான் சொல்வாள், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம். "சொல்லிட்டு ஞாயித்துக்கெழம எந்த மூஞ்ச வச்சிக்கினு கோயில்ல சாமியார் கிட்ட நன்ம வாங்கப் போவேன்?"

"அப்ப நான் அம்மா இல்ல, இந்தத் தையல்நாயகிதான் அம்மான்னு சொல்லுங்க" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அதுவும் பொய்தான். தவுடு குடுத்து வாங்கியிருக்கேன் இல்ல?"

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அந்தத் தவுட்ட அன்னிக்கே பால்காரர் பாவாடையோட மாடு தின்னுடுச்சி!"

"மாடு தின்னா இன்னா, மனுசன் தின்னா இன்னா? வாங்குனது வாங்குனதுதான். என்னக் கேக்காம எப்பிடிடி அவள அங்க தூக்கிக்கினு போன?"

அப்போதுதான் அவள் குரல் நடுங்குவதைக் கவனித்தேன். கவனித்தும் நான் விடவில்லை. "சாயங்காலம் வந்து தல சீவிட்டுப் போறவங்களுக்கு இன்னா தெரியும்? பீ மூத்திரம் அள்ளறது நானு. தூக்கறது நானு. இடுப்பு ஒடிஞ்சி கெடக்கறது நானு. அம்மான்னு பேரு மட்டும் உங்களுக்கு!"

அகஸ்டினம்மா மிச்சத் தலையையும் சீவி, பின்னி, ரிப்பன் கட்டி முடித்தாள்.

"நான் அனுப்பாதன்னு சொல்லல, தையலு" என்றாள். "தூக்கறவ நீ. எனக்கு முட்டி போயிடுச்சி, அவள நவுத்தக்கூட முடியல. ஆனா அனுப்பறதுன்னா ஒழுங்கா அனுப்பு. தவுட்டக் குடுத்து மீட்டுக்க. மீட்டுக்கினு, நான்தான் அம்மான்னு நீயே போயி சொல்லு. யாரோ புள்ளைய யாரோ போட்டுட்டுப் போன மாதிரி எம் பொண்ண அங்க விடக் கூடாது."

"வேணாம்" என்றார் பலராமன்.

இத்தனை நாளில் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. வேலைக்குக் கிளம்பிச் சோற்றுத் தூக்கோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"தவுட்டத் திருப்பிக் குடுத்தா அவ நம்ம புள்ள ஆயிடுவா" என்றார். "நம்ம புள்ளைங்க நெலைக்கல. அங்க இருக்கட்டும், இல்ல இங்கயே இருக்கட்டும், உசுரோட இருந்தாப் போதும். அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாத தையலு."

இதுதானா விஷயம்! நாள் பார்த்தது, ஆடி பார்த்தது, தென்னை மரத்தைப் பார்த்தது எல்லாம் இதற்குத்தானா! பிள்ளையைப் பிரிய மனசில்லாமல் இழுத்தடிக்கிறார், பாரத்தை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார் என்று இத்தனை நாள் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பயம் எனக்கும் இருந்ததால்தான் கோபமும் வந்தது.

"சொவத்துல மாட்டிக்கினு கெடந்தாளே, அன்னிக்கு அவ யாரு புள்ள? அகஸ்டினம்மா புள்ளதான? எமன் வெலாசம் கேட்டுக்கினா வந்தான்?" என்று கேட்டேன்.

மில் சங்கு ஊதியது. தூக்கோடு இறங்கிப் போய்விட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் நானாக இல்லை. மார்க்கெட்டில் நுனியிலை கேட்டவருக்கு நடுவில் நறுக்கிய ஏட்டை எடுத்துக் கொடுத்தேன், மிச்சச் சில்லறை வாங்காமல் போனவரைக் கூப்பிடக்கூட இல்லை. தவிடு வாங்கலாம் என்று எழுந்து தீவனக் கடை வரைக்கும் போவேன், திரும்பி வந்துவிடுவேன். மீட்காமலே போய்ப் பொய்யாக நான்தான் அம்மா என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். அது எப்படிப் பொய்யாகும், பெற்றவள் நான்தானே என்றும் தோன்றும். மறுபடியும் எழுந்து நடப்பேன். பக்கத்தில் பூ விற்கிற ஆதிலட்சுமி, "உனக்கு இன்னாடி, காலுல சக்கரமா கட்டிவுட்டிருக்கு?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் குழாயடியில் தவிட்டம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத் தூக்கினேன். பாதி எழுந்திருப்பேன், அவள் விறைத்தாள். பாசியில் என் கால் வழுக்கியது. அவள் தலை தரையில் படாமல் இருக்க என் கையைக் கொடுத்து மல்லாக்க விழுந்தேன். அவள் என் மேலே கிடந்தாள். இடுப்பில் ஏறிய வலியில் என்னால் அசைய முடியவில்லை. அவர் இன்னும் மில்லிலிருந்து வரவில்லை, தெருவிலும் யாரும் இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. எமனை, மில்லை, முனிசிபாலிட்டியை, அகஸ்டினம்மாவை, என்னைப் பெற்றவளை என்று ஒருத்தரையும் விடாமல் திட்டினேன். என் குரலைக் கேட்டு அவள் என் கழுத்தடியில் சிரித்துக்கொண்டு கிடந்தாள். அங்கே கிடந்தபடிதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் இவள் கூட இருந்தே இவளைக் கொன்றுவிடுவேன். எனக்கு என்னவாவது ஆகிவிட்டால் இவளுக்கு அந்தக் கட்டில்கூட இருக்காது.

மறுநாள் காலையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுப் பக்கம் தீவனக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வடிவேல், "இன்னா தையல்நாயகி, மாடு வாங்கிட்டியா?" என்றார்.

"புள்ள வாங்கப் போறேன்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒரு படி அளந்து பையில் கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பூசை முடிந்து அகஸ்டினம்மா வெள்ளைப் புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தவிட்டுப் பையைப் பார்த்ததும் பலராமன் எழுந்து வாசலுக்குப் போனார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

முறத்தை எடுத்து வந்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளையை முறத்தில் எப்படிப் படுக்கவைப்பது? தலையை மட்டும் வைத்தோம். அகஸ்டினம்மா தவிட்டைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள்.

"ஊசல் வாட வருது. அன்னிக்கு நான் குடுத்தது நல்ல தவுடு" என்றாள்.

"கடையில இதான் இருந்துது."

"சரி, கொட்டு" என்று முந்தானையை ஏந்தினாள். நான் கொட்டினேன். தவிட்டம்மாவின் நெற்றியில் விரலால் ஒரு சிலுவை போட்டு, "குடுத்துட்டேன்" என்றாள். நான் "வாங்கிக்கினேன்" என்றேன். அவ்வளவுதான். முந்தானைத் தவிட்டோடு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தவிட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "இன்னா செய்யறது, பாவாடை மாட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பகல் முழுக்கப் பலராமன் தவிட்டம்மாவின் பக்கத்திலிருந்து நகரவில்லை. அடிக்கடி அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். நான் பார்க்காதபோது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். அவர் தோளில் பிள்ளை. அகஸ்டினம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கவுன்களை எல்லாம் தேய்த்து மடித்து எடுத்து வந்திருந்தாள். பாலம் வந்ததும் அவர் பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பினார். அவள் சிரித்தாள். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய சிஸ்டர் அகஸ்டினம்மாவைப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா?" என்றார்.

"நான்தான் அம்மா" என்றேன் நான். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "இவ எம் பொண்ணு. நான் பெத்த பொண்ணு. அன்னிக்கு மாத்திச் சொல்லிட்டேங்க." தவிட்டுக் கதையைச் சொன்னேன். பாதியில் எங்கே சிரித்துவிடுவாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஆமா மாசேர்" என்றாள் அகஸ்டினம்மா. "நேத்து வரைக்கும் எங்கிட்ட இருந்தா."

சொல்லி முடித்ததும் நான் தவிட்டம்மாவின் நெஞ்சைப் பார்த்தேன். பலராமனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. மேலே காற்றாடி சுற்றியது. யாரோ ஒரு பிள்ளை கத்தியது, ஆயா ஓடினாள். வேறொன்றும் நடக்கவில்லை. இந்த ஒரு வார்த்தைக்கா பதினோரு வருஷம் பயந்து செத்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜன்னலோரத்துக் கட்டிலில் படுக்கவைத்தோம். எப்படிக் கஞ்சி இறக்க வேண்டும், தொண்டையை எந்த இடத்தில் தடவ வேண்டும், வலிப்புக்கு முன்னால் கட்டைவிரல் எப்படி மடங்கும் என்று எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார் சிஸ்டர். சொல்வதற்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

பலராமன் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா என்பதா அப்பா என்பதா என்று தெரியாமலோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அகஸ்டினம்மா கதவோரத்தில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கட்டிலில் கையை ஊன்றி அவள் முகத்தருகே குனிந்தேன். இத்தனை வருஷம் எந்தப் பேச்சை வாயிலிருந்து விடாமல் வைத்திருந்தேனோ அதைச் சொன்னேன்.

"அம்மா போயிட்டு வரேன்டி."

தவிட்டம்மாவின் தலை திரும்பியது. என் பக்கம் இல்லை. என்னைத் தாண்டி, கதவுப் பக்கம். அங்கே அகஸ்டினம்மாவைத் தேடி, அவளைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள்.

அகஸ்டினம்மா பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள், ஒரு சத்தம்கூட வந்துவிடாமல். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை மேல் என்ன தப்பு? நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நேற்றுத்தான் வாங்கினேன், இன்றைக்கு விட்டுவிட்டுப் போகிறேன். புதிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு நாள் இல்லை. அழுத முகத்தைக் காட்டி அவளை விட்டுவிட்டுப் போகவும் என்னால் முடியாது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். இன்னும் கிட்டத்தில் குனிந்தேன்.

"அக்கா போயிட்டு வரேன்டி" என்றேன்.

தலை உடனே என் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.